ஐசக் விளையாட்டின் ‘ரிபென்டன்ஸ்’: கடினம் என்று தெரிந்தும் வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். ‘த பைண்டிங் ஆஃப் ஐசக்: ரீபர்த்’ விளையாட்டை ஏறத்தாழ 80 மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள். ‘அம்மாவின் இதயம்’ என்னும் பாஸை (தளத்தின் முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரியை) ஏழெட்டு முறை வென்றிருக்கிறீர்கள். அதற்கும் கீழே இறங்கிச் சாத்தானைச் சந்தித்த ஆட்டங்களில் பெரும்பாலும் தோற்றிருக்கிறீர்கள். இப்போது மூன்று விரிவாக்கங்களும் தள்ளுபடியில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் கடைசியானதும் பெரியதுமான ‘ரிபென்டன்ஸ்’ மிகக் கடினம் என்று நண்பர்கள் எச்சரிப்பதால், வாங்கினால் பணம் வீணாகுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதில் பணத்தைப் பற்றிய கவலையைவிட வேறொரு கவலையே பெரிதாகத் தெரிகிறது: இப்போதே தட்டுத்தடுமாறி ஆடுகிறேன், இன்னும் கடினமான ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் எனக்குப் பிடித்த விளையாட்டே கைவிட்டுப் போய்விடுமா என்பதுதான் அது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். பணத்தைப் பற்றி இடையில் சொல்கிறேன்.

நான் 2012 முதல் ஐசக் போன்ற ‘ரோக்லைக்’ வகை விளையாட்டுகளை, அதாவது தோற்றால் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவற்றை, ஆடிவருகிறேன். நடுவில் நான்கு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் விளையாட்டுச் சோதனையாளராக வேலை பார்த்தேன். புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்தால் பழைய கட்டங்களில் என்ன குலைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொடுப்பதே அங்கே என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்வதை உறுதியாகவே சொல்வேன். ஐசக்கைக் கணினியில், கண்ட்ரோலர் வைத்து மட்டுமே ஆடியிருக்கிறேன். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்குக் கிடைக்கும் ‘டெட் காட்’ என்னும் நிலையை நான் எட்டவில்லை. ஆகவே அந்தக் கடைசி எல்லையில் நிற்பவர்களின் தேவைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. உங்கள் நிலையிலிருந்து அடுத்த முந்நூறு மணி நேரம் எப்படியிருக்கும் என்பதைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

விரிவாக்கம் எவ்வளவு கடினம் என்று கேட்பதற்கு முன், அந்தக் கடினம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். காரமான ஊறுகாயை இலையின் ஓரத்தில் வைத்தால், வேண்டியவர் தொட்டுக்கொள்வார், வேண்டாதவர் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். அதே காரத்தைக் குழம்பிலேயே கரைத்துவிட்டால் பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. ரோக்லைக் வகையில் இந்த வேறுபாடு மற்ற வகைகளைவிடக் கூடுதலாக முக்கியமாகிறது. கதை சொல்லும் விளையாட்டு ஒன்றில் விரிவாக்கம் என்பது, முடித்த கதைக்குப் பிறகு ஒட்டப்படும் புதிய அத்தியாயம். பழைய அத்தியாயங்களை அது தொடாது. ரோக்லைக்கிலோ ஒவ்வொரு ஆட்டமும் முதலிலிருந்தே தொடங்குகிறது. அறைகளும் எதிரிகளும் கிடைக்கும் பொருள்களும் ஒரே குலுக்கலிலிருந்துதான் வருகின்றன. அந்தக் குலுக்கலில் புதிதாக எதைப் போட்டாலும், நீங்கள் நூறு முறை ஆடிப் பழகிய முதல் தளம்கூட மாறிவிடும்.

ஊறுகாய் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ‘டெட் செல்ஸ்’. பிரான்சின் போர்தோ நகரத்து மோஷன் ட்வின் குழு 2018 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. 2020இல் ‘த பேட் சீட்’, 2021இல் ‘ஃபேட்டல் ஃபால்ஸ்’, 2022இல் ‘த குவீன் அண்ட் த சீ’ என்று மூன்று சிறிய விரிவாக்கங்கள் வந்தன, ஒவ்வொன்றும் 4.99 டாலர். முதலாவது ஆட்டத்தின் தொடக்கப் பகுதிக்கும், இரண்டாவது நடுப்பகுதிக்கும், மூன்றாவது கடைசிப் பகுதிக்கும் மாற்றுப் பாதைகளைத் தருகின்றன. ஒரு கட்டத்தை முடித்து வெளியேறும் இடத்தில் பழைய கதவும் இருக்கும், புதிய கதவும் இருக்கும். எதில் நுழைவது என்பது அன்றைய உங்கள் மனநிலையைப் பொறுத்தது. புதிய ஆயுதங்களின் வரைபடங்களைத் திறந்தால் அவை பொதுக் குலுக்கலில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அது உணவின் சுவையையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரிதன்று. விளையாட்டின் உண்மையான கடினமோ பாஸ் செல்கள் என்னும் ஐந்து படிகளில், கூடுதல் காசு கேட்காமல் மூல விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட விரிவாக்கத்தை வாங்க எவரும் தயங்கத் தேவையில்லை. விளையாட்டு பிடித்திருந்தால் போதும்.

குழம்பில் கரைத்த வகைக்கு ‘டார்க்கஸ்ட் டன்ஜன்’ விளையாட்டின் ‘த கிரிம்சன் கோர்ட்’ விரிவாக்கத்தைச் சொல்லலாம். வான்கூவரைச் சேர்ந்த ரெட் ஹுக் 2017 ஜூனில் வெளியிட்டது. அதில் இரத்த வெறி நோய் ஒன்று வருகிறது. தொற்றிக்கொண்ட வீரனுக்கு அவ்வப்போது இரத்தக் குப்பி கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் அவன் படிப்படியாக நலிந்து இறந்தே போவான். இந்த நோயைப் பரப்பும் எதிரிகள் புதிய இடத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. காலம் போகப்போகப் பழைய குகைகளுக்குள்ளும் அவர்கள் ஊடுருவுகிறார்கள். தொற்றியவர்கள் பெருகினால் அவர்களை வேட்டையாட ‘ஃபனட்டிக்’ என்னும் வெறியன் வேறு வந்து சேர்கிறான். மூல விளையாட்டையே ஒருமுறைகூட முடிக்காதவர் தன் முதல் ஆட்டத்தில் இதைச் சேர்த்துக்கொண்டால், எது மூல விளையாட்டின் கடுமை, எது விரிவாக்கத்தின் கடுமை என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் திணறுவார். நன்றாகச் செய்யப்பட்ட விரிவாக்கம்தான் அது. ஆனாலும் முதல் முறை ஆடுபவருக்கு நான் ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை.

இனி ‘ரிபென்டன்ஸ்’. இது இரண்டு வகையும் சேர்ந்தது. உங்கள் நண்பர்களில் ஒருவர் ‘பயங்கரம்’ என்றும் இன்னொருவர் ‘அருமை’ என்றும் சொல்வதற்குக் காரணம் அதுவே; இருவரும் அதன் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள, இது வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எட்மண்ட் மெக்மில்லனும் ஃப்ளோரியன் ஹிம்சலும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட முதல் ஐசக், ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. 2012இல் வந்த ‘ராத் ஆஃப் த லேம்ப்’ விரிவாக்கத்தோடு அந்தத் தொழில்நுட்பம் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆகவே நிக்காலிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து முழுவதையும் புதிதாக எழுதி 2014 நவம்பரில் ‘ரீபர்த்’ வெளியிட்டார்கள். அதன்மேல் 2015 அக்டோபரில் ‘ஆஃப்டர்பர்த்’, 2017 ஜனவரியில் ‘ஆஃப்டர்பர்த் பிளஸ்’ என்று இரண்டு விரிவாக்கங்கள் வந்தன. இரண்டாவது விரிவாக்கம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு, 2016 டிசம்பரில், ரசிகர்கள் சிலர் தாங்களே உருவாக்கிய ‘ஆன்டிபர்த்’ என்னும் மாட் ஒன்றை, அதாவது விளையாட்டை மாற்றும் சேர்க்கை ஒன்றை, இலவசமாக வெளியிட்டார்கள். புதிய தளங்கள், புதிய பாஸ்கள், புதிய இசை என்று ஒரு முழு விரிவாக்கத்துக்கு நிகரான உழைப்பு அதில் இருந்தது. அந்தக் குழுவையே மெக்மில்லன் பின்னர் அழைத்துச் சேர்த்துக்கொண்டார். அவர்களின் ‘ஆன்டிபர்த்’ விரிந்து, திருத்தப்பட்டு, 2021 மார்ச் 31 அன்று ‘ரிபென்டன்ஸ்’ ஆக வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஐசக் ஆடியவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதன் கடுமைக்கும் அதுவே காரணம். எந்த அறை நியாயமற்றது, எந்தப் பொருள் சலிப்பூட்டுகிறது என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்ததற்கும் அதுவே காரணம்.

முதலில் ஊறுகாயாக வைக்கப்பட்ட பகுதி. முதல் தளத்தின் பாஸை வென்றதும் வழக்கமான பொறிக்கதவுக்கு அப்பால் இன்னொரு கதவு தெரியும். அதைத் திறக்க ஒரு சாவி கொடுக்க வேண்டும். அதன் வழியே ‘டௌன்போர்’ தளத்துக்குப் போகலாம். அடுத்த கட்டத்தில் ‘மைன்ஸ்’ தளத்தின் கதவுக்கு இரண்டு குண்டுகள். அதற்கும் அடுத்து ‘மாசோலியம்’ கதவுக்கு இரண்டு இதயங்கள், அதாவது உங்கள் உயிரிலிருந்தே கட்டணம். இந்தப் பாதையின் அடியில் ‘கார்ப்ஸ்’ தளமும் ‘மதர்’ என்னும் பாஸும் இருக்கின்றன. அங்கே போவதற்கு வழியில் கத்தியின் இரண்டு துண்டுகளைத் தேடி எடுத்திருக்க வேண்டும். எதிரிகள் வேகமானவர்கள், அவர்கள் எய்யும் தோட்டாக்கள் அடர்த்தியானவை. நண்பர்கள் சொல்லும் கடினத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் சாவியும் குண்டும் உயிரும் நீங்களே கொடுத்தால்தான் உள்ளே போக முடியும் என்பதைக் கவனியுங்கள். விளையாட்டு உங்களை அங்கே தள்ளுவதில்லை. போகும் துணிச்சலுக்குக் கைம்மாறும் உண்டு: அந்தப் பாதையின் புதையல் அறைகளில் ஒரு பொருளுக்குப் பதில் இரண்டு இருக்கும், ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றது கேள்விக்குறியாக மறைந்திருக்கும், ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தெரிந்ததை விட்டுத் தெரியாததை எடுக்கும் அந்த ஒரு நொடியின் படபடப்புக்காகவே நான் பலமுறை சாவியைக் கொடுத்து உள்ளே போயிருக்கிறேன். மேலும், புதிய சேமிப்பில் தொடங்கினால் இந்தக் கதவுகள் முதல் நாளே தோன்றாது. பழைய பாதையில் நீங்கள் ஓரளவு முன்னேறிய பிறகே வரும்.

‘டெய்ன்டட்’ பாத்திரங்களும் அப்படித்தான். ‘ரீபர்த்’தில் இருந்த 11 பாத்திரங்கள் விரிவாக்கங்களால் 17 ஆயின, ‘ரிபென்டன்ஸ்’ அந்தப் பதினேழு பேருக்கும் கறைபட்ட மறுவடிவம் ஒன்றைக் கொடுத்து, மொத்தம் 34 ஆக்கியது. இவை வெறும் எண்களைக் குறைத்துச் செய்த கடினமான நகல்கள் அல்ல. ஒவ்வொன்றும் விளையாட்டின் ஒரு விதியையே மாற்றுகிறது. கறைபட்ட கெய்னால் பீடத்தில் இருக்கும் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது சில்லறைகளாக உடைந்துபோகும், அப்படிப் பொறுக்கிய எட்டுச் சில்லறைகளைப் பைக்குள் போட்டுப் புதிய பொருளைத் தானே செய்துகொள்ள வேண்டும். கறைபட்ட ஈடன் அடிவாங்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொருள்கள் வேறு பொருள்களாக மாறிவிடும். கறைபட்ட லாசரஸ் ஓர் அறையில் உயிரோடும் அடுத்த அறையில் பிணமாகவும் மாறிமாறி ஆடுவான். இரண்டு நிலைகளுக்கும் தனித்தனியே பொருள்கள் சேர்க்க வேண்டும். பல ஆண்டுகள் ஆடி ஐசக் மனப்பாடமாகிவிட்டது என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் பாத்திரங்கள் அதை மறுபடியும் அறிமுகப்படுத்தின. இவர்களில் சிலர் மிகக் கொடுமையானவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கறைபட்ட ஜேக்கப்பை ஆடச்சொல்லி எதிரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இவர்களைத் திறப்பதற்கே ஒரு நீண்ட தனிப்பாதையை முடிக்க வேண்டியிருக்கிறது. திறந்த பிறகும் விருப்பமில்லாதவரைத் தொடாமலே விட்டுவிடலாம்.

அந்த நீண்ட பாதையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். கீழே இறங்குவதே வேலையாக இருந்த விளையாட்டில், அது உங்களை நீங்கள் கடந்துவந்த தளங்கள் வழியாகவே மேலே ஏறி வீட்டுக்குத் திரும்பச் செய்கிறது. ஏறும் வழியில் ஐசக்கின் பெற்றோர் சண்டையிடும் குரல்கள் கேட்கின்றன. பத்தாண்டுகளாகத் துண்டுதுண்டாகச் சொல்லப்பட்டு வந்த கதை அங்கே ஒருவாறு முடிகிறது. கதையில் அக்கறை உள்ளவராக இருந்தால், கடினத்தை மறந்துவிட்டு இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. மூடெத் என்பவர் அமைத்த இசையும் அந்த இடத்தில் மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது.

இனிக் குழம்பில் கரைந்த பகுதிக்கு வருகிறேன். உங்களைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். விரிவாக்கங்களை நிறுவியவுடன், எந்தப் புதிய கதவையும் திறக்காவிட்டாலும், பழைய பாதையே மாறிவிடுகிறது. ‘ரீபர்த்’தில் 350க்கும் குறைவாக இருந்த பொருள்களின் எண்ணிக்கை 700ஐத் தாண்டிவிடுகிறது. பழைய பொருள்கள் பல திருத்தப்பட்டிருக்கின்றன. சில வலுவிழந்தன, சில வலுப்பெற்றன. பழைய பாஸ்களில் சிலரின் அசைவுகளும் மாறியிருக்கின்றன. இதனால் உங்கள் 80 மணி நேரப் பழக்கத்தில் ஒரு பகுதி உதவாமல் போகும். முதல் பத்துப் பதினைந்து ஆட்டங்களில் முன்பைவிட விரைவாகச் சாவீர்கள் என்று உறுதியாகவே சொல்லலாம். இது உங்கள் கை மந்தமாகிவிட்டதால் நேர்வதன்று; ஒரு பொருளைப் பார்த்தவுடன் அது என்ன செய்யும் என்று தெரிந்து முடிவெடுத்த நிலையிலிருந்து, மறுபடியும் தெரியாத நிலைக்குப் போவதால் நேர்வது.

நான் சோதனை வேலையில் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ‘கடினம்’ என்று ஆட்டக்காரர்கள் எழுதிக்கொடுக்கும் குறைகளை எடுத்துப் பார்த்தால், கை வேகம் போதாமல் தோற்றவர்களைவிட, என்ன நடந்தது என்றே விளங்காமல் தோற்றவர்களே அதில் கூடுதலாக இருப்பார்கள். கை வேகம் மெல்லத்தான் வளரும். ஆனால் விளங்காமையைப் போக்க வழி உண்டு. ஐசக் ஒரு பொருளை எடுத்தால் அரைவரிப் புதிர் ஒன்றைக் காட்டுமே தவிர, அது என்ன செய்யும் என்று சொல்லாது. அந்த வாசகம் ஆங்கிலச் சிலேடையாகவும் இருப்பதால் நம்மில் பலருக்கு அதுவும் எட்டுவதில்லை. கணினியில் இதற்குத் தீர்வு இருக்கிறது. ‘ஆஃப்டர்பர்த் பிளஸ்’ முதல் மாட்களை ‘ஸ்டீம்’ என்னும் கணினி விளையாட்டுக் கடையின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம்; அதில் ‘எக்ஸ்டர்னல் ஐட்டம் டிஸ்கிரிப்ஷன்ஸ்’ என்னும் மாட், பீடத்தின் அருகில் போனாலே அந்தப் பொருளின் முழு விளக்கத்தையும் திரையில் காட்டும். அதைச் சேர்த்துக்கொள்வது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்னொரு சன்னலில் விக்கியைத் திறந்துவைத்துப் பார்ப்பதற்கும் அதற்கும் நேரம் மிச்சமாவதைத் தவிர வேறுபாடு இல்லை. மூல ‘ரீபர்த்’ மட்டும் வைத்திருக்கும் உங்களுக்கு இந்த வசதி இப்போது கிடைக்காது. ஆக, விந்தையாகத் தோன்றினாலும், விரிவாக்கங்களை வாங்குவதே உங்கள் ஆட்டத்தை ஒரு வகையில் எளிதாக்கும்.

நடுவில் உள்ள இரண்டைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆஃப்டர்பர்த்’ நல்லது, அலை அலையாக எதிரிகள் வரும் ‘கிரீட் மோட்’ அதில்தான் வந்தது, 30 நிமிடத்துக்குள் அம்மாவின் இதயத்தை வென்றால் மட்டுமே திறக்கும் ‘ஹஷ்’ பாஸும் அதில்தான். ‘ஆஃப்டர்பர்த் பிளஸ்’ வெளிவந்தபோது குறைகள் எழுந்தன. எதிரிகளை ஓயாமல் உமிழும் போர்ட்டல்கள், திடீரென்று வேறு பாஸாக உருமாறி உங்கள் மேலேயே வந்து தோன்றும் ‘டெலிரியம்’ ஆகியவை நியாயமற்றவை என்று பலர் சொன்னார்கள். நானும் அவர்களில் ஒருவன். கடினத்துக்கும் நியாயமின்மைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு டெலிரியத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மதரிடம் தோற்றால் எந்த இடத்தில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். டெலிரியத்திடம் தோற்றால் பல சமயம் அப்படி எதுவும் தெரியாது. ‘ரிபென்டன்ஸ்’ இவற்றில் பலவற்றைச் சீர்செய்தது. ஆகையால் இந்த இரண்டையும் மட்டும் வாங்கி அங்கேயே நின்றுவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டீமில் ‘ரிபென்டன்ஸ்’ ஓட முந்தைய இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்பதால், உங்கள் முன் இருப்பது உண்மையில் மூன்றையும் சேர்த்து வாங்குவதா அல்லது ‘ரீபர்த்’தோடு நின்றுவிடுவதா என்ற ஒரே முடிவுதான்.

பணத்தைப் பற்றி. ‘ரிபென்டன்ஸ்’ வெளியானபோது அதன் விலை 14.99 டாலர், ஒரு முழு விளையாட்டின் விலை. மூன்றையும் சேர்த்தால் மூல விளையாட்டைவிடக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஸ்டீமின் கோடைக்காலத் தள்ளுபடியிலும் ஆண்டு இறுதித் தள்ளுபடியிலும் ஐசக் வழக்கமாக இடம்பெறுவதால், இந்த முறை தவறவிட்டால் இனிக் கிடைக்காது என்று அவசரப்பட வேண்டாம். ஸ்டீம் ‘டிஎல்சி’ என்று சொல்லும் விரிவாக்கத்தை வாங்கிய பின் திருப்பிக்கொடுக்கும் விதியும் உண்டு: வாங்கிய 14 நாட்களுக்குள், வாங்கியதிலிருந்து மூல விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இதை நம்பி முடிவெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் காணப்போவது குழம்பில் கரைந்த பகுதியை மட்டுமே; பழகிய தளங்களில் பழகாத பொருள்களோடு அடிக்கடி சாவீர்கள். புதிய பாதை, புதிய பாத்திரங்கள், மேலேறும் பயணம் எதுவும் அதற்குள் கண்ணில் படாது. ஆகையால் அந்த நேரத்தில் ஏற்படும் எரிச்சலை வைத்து முழு விரிவாக்கத்தையும் எடைபோட்டால், தீர்ப்பு தவறாகத்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் முதல் மாலையிலேயே திருப்பிக்கொடுத்துவிட்டு, ஓராண்டு கழித்து மறுபடியும் வாங்கினார். இன்று என்னைவிட நன்றாக ஆடுகிறார்.

இலவசமாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ‘எஃப்டிஎல்’ 2014 ஏப்ரலில் ‘அட்வான்ஸ்ட் எடிஷன்’ என்ற பெரிய விரிவாக்கத்தை விலையில்லாமல் கொடுத்தது. ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் அதைச் சேர்ப்பதா விடுவதா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், குழம்பில் கரைக்க வேண்டிய காரத்தைக்கூட ஊறுகாயாக மாற்றிவைத்த நேர்த்தி அதில் இருந்தது. ‘என்டர் த கன்ஜன்’ 2017 முதல் 2019 வரை மூன்று பெரிய சேர்க்கைகளை இலவசமாகவே கொடுத்தது. இன்னொரு பக்கம், 2024 ஆகஸ்டில் வந்த ‘ரிஸ்க் ஆஃப் ரெய்ன் 2’ விளையாட்டின் ‘சீக்கர்ஸ் ஆஃப் த ஸ்டார்ம்’, விரிவாக்கத்தை வாங்காதவர்களின் மூல விளையாட்டிலும் கோளாறுகளைக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே ஆட்டக்காரர்களைக் கோபப்படுத்தியது கடினம் அன்று, செய்நேர்த்திக் குறைவு. விலையோ கடுமையோ ஒரு விரிவாக்கத்தின் தரத்தைச் சொல்லிவிடாது. ‘ரிபென்டன்ஸ்’ அந்தச் சோதனையில் தேறியது என்பதே என் கணிப்பு. அதை வைத்திருப்போருக்கு 2024 நவம்பரில் ‘ரிபென்டன்ஸ் பிளஸ்’ என்னும் புதுப்பிப்பும் இலவசமாக வந்து, இணையவழியில் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதியைக் கொடுத்தது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: வாங்குங்கள், மூல விளையாட்டில் இன்னும் தேர்ச்சி பெற்ற பிறகு என்று காத்திருக்கத் தேவையில்லை. மாறப்போகிற ஒன்றை முற்றாகப் பழகிக்கொள்வதில் பயன் குறைவு. அம்மாவின் இதயத்தை ஏழெட்டு முறை வென்றவருக்குத் தேவையான அடிப்படை வந்துவிட்டது: அறைக்குள் நுழைந்தவுடன் நிதானிப்பது, சுவரை ஒட்டி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது, சாவியையும் குண்டையும் சேர்த்துவைப்பது. சாத்தானிடம் தோற்பது ஒரு தகுதிக் குறைவன்று. அம்மாவின் இதயம் இருக்கும் கர்ப்பத் தளத்திலிருந்து ஒவ்வோர் அடியும் அரை இதயத்துக்குப் பதில் முழு இதயத்தைப் பறிப்பதால், அங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் மேல்தளங்களில் போதிய பொருள் சேர்க்காமல் அவசரமாக இறங்கியவர்கள். அதைச் சரிசெய்ய நேரம் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. தேர்ச்சியைப் பார்க்க வேண்டாம், பசியைப் பாருங்கள். செத்தவுடன் ‘இன்னொன்று’ என்று கை தானாகத் தொடக்கப் பொத்தானுக்குப் போகிறதா? போகிறது என்றால் இந்த விரிவாக்கங்கள் உங்களுக்குப் பல நூறு மணி நேரம் கொடுக்கும். 80 மணி நேரத்தில் சலிப்பு தட்டிவிட்டது, புதிதாக ஏதேனும் சேர்ந்தால் சலிப்பு போகும் என்று எண்ணி வாங்கினால் போகாது. மேலும் கனமான சுமையே தலையில் ஏறும். எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்ற குணம் உள்ளவராக இருந்தாலும் யோசியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 12 நிறைவுக் குறிகள், 34 பாத்திரங்கள், மொத்தம் 408. நான் அறிந்தவர்களில் இருவர் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டு, பிடிக்காத பாத்திரங்களை மாதக்கணக்கில் ஆடி, கடைசியில் விளையாட்டையே வெறுத்துவிட்டார்கள். அவர்களை விரட்டியது மதரும் அல்ல, மேலேறும் பாதையின் முடிவில் வரும் ‘பீஸ்ட்’ என்னும் பாஸும் அல்ல, அந்தப் பட்டியல்தான்.

வாங்கினால் செய்ய வேண்டியது. முதலில் கடின நிலையைத் தொடாமல் சாதாரண நிலையில் தொடங்குங்கள். மாற்றுப் பாதைக் கதவு தோன்றும்போது, கையில் நல்ல பொருள் இருக்கும் ஆட்டங்களில் மட்டும் ஒரே ஒரு தளம் போய்ப் பாருங்கள்; ‘டௌன்போர்’ பார்த்துவிட்டு அடுத்த கட்டத்தில் பழைய பாதைக்கே திரும்பிவிடலாம், கடைசிவரை போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்றைக்காவது பழைய ஆட்டமே வேண்டும் என்று தோன்றினால், கணினியில் ஸ்டீமின் டிஎல்சி பட்டியலில் ‘ரிபென்டன்ஸ்’ எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் விளையாட்டு முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடும். சேமிப்புகள் தனித்தனியே இருப்பதால் ஒன்றுக்கொன்று அழியாது. முதல்முறை திறக்கும்போது முந்தைய பதிப்பின் சேமிப்பைக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்கும். மூன்று சேமிப்பு இடங்கள் இருக்கின்றன; ஒன்றில் பழையதைக் கொண்டுவந்து வையுங்கள், இன்னொன்றில் வெறுமையாகத் தொடங்குங்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் அந்த வெறுமையான சேமிப்பில்தான் ஆடுவேன். பொருள்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதால் எழுநூறையும் ஒரே நாளில் சந்திக்க வேண்டியிருக்காது. கதவுகளும் ஒவ்வொன்றாகவே வரும்.